ஓதம் ஓரிடம், ஓட்டை வேறிடம்

புதுச்சேரியின் குருசுக்குப்பத்தில் ஒரு வீட்டுக் குழாயைத் திறந்ததும் விழும் தண்ணீர், அதற்குள் இரண்டு முறை மேலே ஏறி இறங்கிவிட்டது. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து ஊரின் மேல்நிலைத் தொட்டிக்கு ஏறியது முதல் முறை. அங்கிருந்து தெருக்குழாய் வழியாக இறங்கி, வீட்டுச் சம்ப்பில் நிறைந்து, வீட்டு மோட்டாரால் மொட்டைமாடித் தொட்டிக்கு ஏறியது இரண்டாம் முறை. இந்த வழியில் எந்த இடத்திலும் அது ஒழுகலாம். ஆனால் எல்லா ஒழுக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. தெருக்குழாயிலிருந்து சம்ப்புக்கு வரும் துண்டு, தண்ணீர் விடும் நேரத்தில் மட்டும் ஒழுகும். சம்ப்பிலிருந்து மாடிக்குப் போகும் குழாய், மோட்டார் ஓடும்போது ஒழுகும். மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் இரவும் பகலும் ஓயாது. குளியலறைக் கழிவுக் குழாயோ யாராவது குளித்தால்தான் கசியும். ஆகவே சுவரில் ஈரம் கண்டால் 'எங்கே?' என்று கேட்பதற்கு முன் 'எப்போது?' என்று கேட்பதே முறை.

இந்த ஊருக்குத் தண்ணீர் மேல் தனி மரியாதை உண்டு. பாரதி பூங்காவின் நடுவில் நிற்கும் ஆயி மண்டபம், தண்ணீர் வந்ததற்காகக் கட்டிய நினைவுச் சின்னம். மூன்றாம் நெப்போலியன் காலத்தில், லமேரஸ் என்ற பிரெஞ்சுப் பொறியாளரின் மேற்பார்வையில், 1863-ல் ஊருக்கு மேற்கே உள்ள முத்திரப்பாளையத்து ஊற்றிலிருந்து நகரத்துக்கு நல்ல தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஆயி என்ற தாசி தன் மாளிகையை இடித்துவிட்டு அந்த இடத்தில் குளம் வெட்டினாள் என்பது கர்ணபரம்பரைக் கதை. கதை எப்படியோ, அந்த மண்டபம்தான் இன்று புதுச்சேரி அரசின் சின்னம். தண்ணீர் வந்த நாளைக் கொண்டாட மண்டபம் எழுப்பிய ஊரில், அது வீணாகும் இடத்தைக் கண்டுபிடிக்கும் கலையையும் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லதுதான்.

ஓட்டை வழியே எவ்வளவு போகும் என்பதற்குக் கணக்கு உண்டு. கலிலியோவின் சீடர் டாரிசெல்லி 1644-ல் வெளியிட்டது அது. ஒரு தொட்டியின் நீர்மட்டத்துக்குக் கீழே ஓட்டை விழுந்தால், அதன் வழியே பாயும் நீரின் வேகம், அதே உயரத்திலிருந்து கீழே விழும் கல்லின் வேகத்துக்குச் சமம். மொட்டைமாடித் தொட்டியின் நீர்மட்டம் தரைத்தளக் குழாயிலிருந்து 5 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகம் வினாடிக்குச் சுமார் 10 மீட்டர் வரும். ஓட்டை 1 மில்லிமீட்டர் விட்டம். ஊசி நுழையும் அளவு. ஓரங்களில் நீர் சுருங்கிப் பாய்வதால் ஏற்படும் குறைவையும் கழித்துப் பார்த்தால் மணிக்கு ஏறக்குறைய 17 லிட்டர், ஒரு நாளைக்கு 400 லிட்டர். ஆயிரம் லிட்டர் தொட்டி மூன்று நாள்கூடத் தாங்காது.

இந்தக் கணக்கில் ஒரு விசேஷம் இருக்கிறது. உயரம் இரண்டு மடங்கானால் ஒழுக்கு இரண்டு மடங்கு ஆவதில்லை. ஒன்றரை மடங்குகூட ஆகாது. ஓட்டையின் விட்டம் இரண்டு மடங்கானாலோ ஒழுக்கு நான்கு மடங்கு. அதனால்தான் 'சின்னக் கசிவுதானே, அப்புறம் பார்க்கலாம்' என்று விட்டது திடீரென்று பெரிதாகத் தெரிகிறது. பிளாஸ்டிக் குழாயில் விழுந்த விரிசல் இன்னும் மோசம். அழுத்தம் கூடும்போது விரிசலின் வாயும் கூடவே விரிந்துகொடுக்கும். டாரிசெல்லி கணக்கைவிட அதிகமாகவே ஒழுகும்.

இவ்வளவு தண்ணீர் போனால் கண்ணில் படாதா? படும், ஆனால் போகிற இடத்தில் படாது. குருசுக்குப்பத்தைப் போன்ற பழைய பகுதிகளில் ஒரே வீட்டில் இரண்டு காலங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். முன்கட்டில் தேக்கு விட்டங்களின் மேல் மெல்லிய செங்கற்களைக் குத்தி நிறுத்திச் சுண்ணாம்புக் காரையால் பிணைத்த மெட்ராஸ் டெர்ரஸ். பின்கட்டில் பிற்பாடு சேர்த்த கான்கிரீட் தளம், அதன் மேல் குளியலறை. கான்கிரீட்டில் நுழைந்த நீர் கம்பி ஓடும் வழியிலும் தளத்தின் சரிவிலும் நகர்ந்து, முன்கட்டுச் செங்கலுக்குள் புகுந்து, விட்டத்தின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டே ஊர்ந்து, எங்கே தடைபடுகிறதோ அங்கே சொட்டும். கூடத்தின் நடுவில் கறை. கசிவோ நாலு மீட்டர் தள்ளி, வேறொரு அறையின் சுவருக்குள்.

அப்படி ஒரு வீட்டில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்.

"டைல்ஸ உடைக்கணுமா தம்பி? போன வருஷந்தான் போட்டோம்."

"இருங்கம்மா. உடைக்கிறது கடைசியில. மொதல்ல மேல போய் கேட் வால்வ மூடிப் பாப்போம்."

இப்படிச் சொல்லும் பிளம்பர் கிடைத்தால் விடாதீர்கள். அவர் செய்யப்போவது அசல் அறிவியல் சோதனை. இரவு எல்லோரும் படுத்தபின், மாடித் தொட்டியின் அடியில் இருக்கும் கேட் வால்வை இறுக மூடச் சொல்வார். தொட்டிக்குள் நீர்மட்டம் நிற்கும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. மோட்டார் சுவிட்சில் யாரும் கைவைக்கக் கூடாது. காலையில் மட்டம் இறங்கியிருந்தால் தொட்டியே ஒழுகுகிறது, அல்லது வால்வு சரியாக மூடவில்லை. இறங்கவில்லையென்றால் தொட்டி நிரபராதி. மறுநாள் இரவு வால்வைத் திறந்துவிட்டு, வீட்டுக் குழாய்களை எல்லாம் மூடிவைத்து அதே சோதனை. இப்போது மட்டம் இறங்கினால் குற்றவாளி கீழே இறங்கும் குழாயில்தான் இருக்கிறான்.

கோடு வெறும் ஆமா, இல்லை சொல்வதோடு நிற்பதில்லை; அளவும் சொல்லும். ஆயிரம் லிட்டர் கறுப்புத் தொட்டியின் விட்டம் ஏறக்குறைய 1.1 மீட்டர். அதில் 1 சென்டிமீட்டர் இறக்கம் என்றால் சுமார் 9.5 லிட்டர். ஒன்பது மணி நேரத்தில் 6 சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் 57 லிட்டர், அதாவது மணிக்கு ஆறு லிட்டருக்குச் சற்று மேல். முன்னே சொன்ன 1 மில்லிமீட்டர் ஓட்டையில் பாதிக்கும் குறைவான பரப்பு. அப்படியானால் குழாய் உடையவில்லை. ஏதோ ஒரு இணைப்பின் மரையில் கசிகிறது என்று சுவரைத் தொடாமலே ஊகிக்கலாம்.

அடுத்தது கிளை பிரிப்பது. குளியலறைக்குப் போகும் கிளையில் வால்வு இருந்தால் அதை மட்டும் மூடி ஓர் இரவு பார்க்க வேண்டும். மட்டம் நின்றுவிட்டால் ஒழுக்கு அந்தக் கிளையில்தான். நிற்காவிட்டால் சமையலறைப் பக்கம் போகலாம். அதற்குள்ளும் ஃபிளஷ் தொட்டி, வாஷ்பேசின், கீசர் என்று ஒவ்வொன்றின் ஆங்கிள் காக்கையும் தனித்தனியே மூடலாம். சந்தேகப்படும் இடங்களில் பாதியை ஒரே தடவையில் மூடிப் பார்த்தால், ஒவ்வொரு மூடலும் சந்தேகப்படும் பரப்பை ஏறக்குறைய பாதியாக வெட்டும். எட்டு இடங்களில் எங்கே என்று தெரியாதபோது மூன்றே மூடலில் இடத்தைப் பிடித்துவிடலாம். கணினிக்காரர்கள் அகரவரிசையில் ஆயிரம் பெயர்கள் உள்ள பட்டியலில் ஒன்றைப் பத்தே பார்வையில் தேடி எடுப்பதும் இதே உபாயத்தால்தான்.

ஃபிளஷ் தொட்டிக்கு மட்டும் வால்வு வேண்டாம், சொட்டு நீலம் போதும். மூடியைத் திறந்து நாலு சொட்டு விட்டு, அரை மணி நேரம் யாரும் ஃபிளஷ் செய்யாமல் இருக்க வேண்டும். கீழே கோப்பையில் நீலம் தெரிந்தால் அடைப்பு ரப்பர் போய்விட்டது. இந்த ஒழுக்கு சுவரில் எந்தத் தடயமும் வைக்காது; நேராகச் சாக்கடைக்குப் போய்விடும். சத்தமும் கேட்காது. ஒரு வீட்டின் மிகப் பெரிய திருடன் சில சமயம் இதுதான்.

மாடித் தொட்டியின் கோடு அசையவே இல்லை, ஆனாலும் கூடத்தில் கறை பெரிதாகிறது என்றால்? கழிவுக் குழாய்ப் பக்கம் திரும்ப வேண்டும். அது நாள் முழுக்க அழுத்தத்தில் இருப்பதில்லை. குளித்து முடித்து ஒரு மணி நேரத்தில் கறை கறுத்து, மதியம் வெளுத்தால் குளியலறைத் தரையின் கழிவுத் துளை விளிம்பிலோ ஓடுகளின் இடுக்கிலோதான் கோளாறு. மழை நாளில் மட்டும் வந்தால் மொட்டைமாடித் தளம். எப்போதும் இருக்கிறது, தரையிலிருந்து இடுப்பளவு உயரத்துக்குப் பட்டையாக ஏறி நிற்கிறது, மேல் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்துக் காரை பொரிந்து உதிர்கிறது என்றால், அதற்கும் குழாய்க்கும் சம்பந்தமே இல்லை. அது தரையின் ஓதம். செங்கல்லின் நுண்துளைகள் நீரை மேலே இழுக்கின்றன. துளையின் ஆரம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு என்றால், நீர் சுமார் ஒன்றரை மீட்டர் வரை ஏற முடியும் என்பது கணக்கு. ஜேம்ஸ் ஜூரின் 1718-ல் கண்ணாடி நுண்குழாய்களை வைத்து இந்த விதியைச் சொன்னார்: துளை எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயரம். கடற்கரையோர மண்ணின் உப்பும் அதோடு ஏறும். நீர் ஆவியாகிவிட, உப்பு படிகமாகிக் காரையைப் பிளக்கும். இந்தச் சுவருக்குப் பிளம்பரைக் கூப்பிட்டு டைல்ஸை உடைப்பது பணத்துக்குப் பிடித்த கேடு.

இன்னொரு கசிவு உண்டு. அதில் ஒரு சொட்டுகூட வெளியே வராது. சம்ப்பிலிருந்து மோட்டாருக்கு வரும் உறிஞ்சு குழாயில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அங்கே ஓட்டை விழுந்தால் தண்ணீர் வெளியேறாது, காற்று உள்ளே போகும். "மோட்டார் ஏர் பிடிக்குது" என்கிறோமே, அதுதான். மாடியில் விழும் தண்ணீர் பால் போல வெளுத்து, விட்டு விட்டு வரும். அடியிலுள்ள ஃபுட் வால்வு பழுதானாலும் கிட்டத்தட்ட இதே குறிதான். நின்ற மோட்டாரின் குழாயிலிருந்து நீர் சம்ப்புக்கே இறங்கிவிடுவதால், ஒவ்வொரு முறையும் ஊற்றி நிரப்பித்தான் கிளப்ப வேண்டியிருக்கும். உறிஞ்சு குழாயின் இணைப்புகள் மேல் சோப்பு நுரையைத் தடவி மோட்டாரை ஓடவிட்டால், ஓட்டை நுரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். இதைப் பார்த்தால் சின்னப் பிள்ளைகள் கைதட்டும்.

உள்ளே இழுக்கும் இந்தக் குணம் தெருவில் ஆபத்தாகிறது. நேரம் வைத்துத் தண்ணீர் விடும் ஊர்களில், விடாத நேரத்தில் குழாயின் அழுத்தம் விழுந்துவிடுகிறது. அப்போது யாராவது நேரடியாகத் தெருக்குழாயில் மோட்டார் வைத்து இழுத்தால் குழாய்க்குள் வெற்றிடம். பக்கத்தில் சாக்கடை நீர் தேங்கியிருந்தால், நேற்று நல்ல தண்ணீரை வெளியே விட்ட அதே ஓட்டை இன்று சாக்கடையை உள்ளே விடும். லண்டனில் 1854-ல் பிராட் தெருக் கிணற்றுத் தண்ணீரால் காலரா பரவியது பலருக்குத் தெரிந்த கதை. மருத்துவர் ஜான் ஸ்னோ அடிபம்பின் கைப்பிடியைக் கழற்ற வைத்ததும் தெரிந்ததே. மறு ஆண்டு அங்கே தோண்டிப் பார்த்தபோது, கிணற்றிலிருந்து மூன்றடிகூட இல்லாத தூரத்தில் ஒரு வீட்டின் மலக்குழி, செங்கல் சிதைந்து கசிந்துகொண்டிருந்தது. அந்தப் பேரழிவின் மூலம், யாரும் பார்க்காத ஒரு ஒழுக்கு.

வெளிநாடுகளில் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் சக்கர வீடுகளில் ஒழுக்கைத் தேட ஓர் எளிய வழி வைத்திருக்கிறார்கள். அந்த வண்டியில் மாடித் தொட்டி கிடையாது. 12 வோல்ட் சிறு பம்பு ஒன்று குழாய்களை அழுத்தத்தில் வைத்திருக்கும். எல்லாக் குழாயும் மூடியிருந்தால் பம்பு ஓயும். நடு இரவில், யாரும் தண்ணீரைத் தொடாதபோது, பம்பு ஒரு நொடி உறுமி அடங்கினால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். நம் ஊர் அடுக்குமாடிகளிலும் இப்போது பிரஷர் பம்பு வைக்கிறார்கள். அதே காது போதும். அந்த வண்டிகளுக்குப் பகை சாலைக் குலுக்கலும் பனியும். நீர் உறையும்போது ஒன்பது சதவீதம் வீங்கிக் குழாயைப் பிளந்துவிடும். குருசுக்குப்பத்துக் குழாய்க்கு அந்தக் கவலை இல்லை. இங்கே பகை உப்பும் வெயிலும்.

பழைய வீடுகளின் ஜி.ஐ. குழாய் உண்மையில் துத்தநாகம் பூசிய இரும்பு. துத்தநாகம் தான் அரிபட்டு இரும்பைக் காக்கும். ஆனால் இணைப்புக்காக மரை வெட்டும்போது அந்தப் பூச்சும் போகிறது, குழாயின் கனமும் அந்த இடத்தில் குறைகிறது. ஜி.ஐ. குழாயில் ஒழுக்கு பெரும்பாலும் மரையில் தொடங்குவது இதனால்தான். அதில் பித்தளை வால்வு ஒன்றை மாட்டி, சற்று உப்பான தண்ணீரையும் ஓடவிட்டால் மின்கலம் தயார்: இரண்டு உலோகம், நடுவே உப்பு நீர். பித்தளை பிழைக்கும், இரும்பு கரையும். கடற்கரை ஊரில் தண்ணீரின் உப்பு நம் கையிலும் இருக்கிறது. கடலோர மண்ணில் நல்ல தண்ணீர் உப்பு நீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை அது உப்பைத் தள்ளிவைக்கும். மேலே அந்த ஒரு மீட்டரை இறைத்து வீணாக்கினால் கீழே உப்பு அத்தனை தூரம் ஏறிவர இடம் கொடுக்கிறோம்.

புது வீடுகளின் பி.வி.சி. குழாய் துருப்பிடிக்காது. ஆனால் நீளும். மொட்டைமாடியில் 10 மீட்டர் நேர் ஓட்டம், விடியலுக்கும் உச்சி வெயிலுக்கும் 30 டிகிரி வித்தியாசம் என்றால் நீளம் சுமார் 2 சென்டிமீட்டர் மாறும். அதே ஜி.ஐ. குழாய் 4 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். இரு முனையையும் சிமென்டில் புதைத்துவிட்டால் அந்த இரண்டு சென்டிமீட்டர் எங்கே போகும்? எல்போவின் கழுத்தில்தான் போகும், தினமும். வெயிலின் புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கை நொறுங்கவும் வைக்கிறது. ஒரு பூச்சு வெள்ளை பெயின்ட் இரண்டுக்கும் மருந்து. பல வீடுகளில் அது இருக்காது.

இன்னொரு அடி சத்தத்தோடு வரும். கால் சுற்றில் மூடும் குழாயைப் பட்டென்று மூடினால் சுவருக்குள் 'டொக்' என்று கேட்கிறதல்லவா? ஓடிவந்த நீர்த்தூண் முட்டி நிற்கிறது. நிகோலாய் ழுகோவ்ஸ்கி 1898 வாக்கில் மாஸ்கோ நகரக் குழாய்களில் இதை அளந்து கணக்கிட்டார். நம் பிளாஸ்டிக் குழாயில் வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் போகும் நீரைச் சட்டென்று நிறுத்தினால் ஏறக்குறைய 2 பார் அழுத்தம் எகிறும். 5 மீட்டர் உயரத் தொட்டி கொடுக்கும் அழுத்தமோ அரை பார்தான். மெதுவாக மூடினால் இந்த அடி விழாது.

இனிப் பழுது பார்ப்பது. இடம் தெரிந்தபின் இது சின்ன வேலை. மரை இணைப்புக்கு டெஃப்லான் டேப். அதன் பிறப்பில் ஒரு வேடிக்கை உண்டு. 1938 ஏப்ரல் 6-ம் தேதி, டூபான்ட் ஆய்வகத்தில் ராய் பிளங்கெட் ஒரு வாயு உருளையைத் திறந்தார். எடை குறையவில்லை, ஆனால் வாயு வரவில்லை. அறுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைத் தூள். வாயு தானாகவே கோத்துக்கொண்டு பிளாஸ்டிக் ஆகியிருந்தது. எதுவும் வெளியே வராத உருளையில் பிறந்த பொருள்தான் இன்று எதுவும் வெளியே வராமல் பார்த்துக்கொள்கிறது. டேப் ஒட்டுவதில்லை. மரையை வழுக்கவைத்து இன்னும் ஒரு சுற்று இறுக விடுகிறது, மிச்ச இடுக்கை நிரப்புகிறது. மரையின் முனை உங்களைப் பார்த்திருக்க, கடிகார முள் சுற்றும் திசையில் சுற்ற வேண்டும். எதிர்த் திசையில் சுற்றினால் திருகும்போதே உரிந்துவரும். நிறையச் சுற்றினால் நல்லது என்று நினைத்துப் பிளாஸ்டிக் சாக்கெட்டில் திணித்தால் சாக்கெட் பிளக்கும்.

பி.வி.சி. குழாய்க்குப் போடும் சால்வென்ட் சிமென்டும் சாதாரணப் பசை இல்லை. இரு பரப்பையும் கொஞ்சம் கரைத்து, ஒன்றின் இழைகளை மற்றொன்றுக்குள் புகவிட்டு, கரைப்பான் ஆவியானதும் ஒரே பிளாஸ்டிக்காக்கிவிடுகிறது. ஈரம் இருந்தால் அந்தக் கலப்பு நடக்காது. குழாயைத் துடைத்துக் காயவைக்காமல், ஒட்டிய கையோடு தண்ணீரையும் திறந்துவிடும் அவசரம்தான் மறு ஒழுக்குக்குக் காரணம்.

எம்-சீல் என்ற அடைப்பு மாவைப் பற்றி என் தீர்ப்பு: முதலுதவிக்கு அருமை, மருத்துவத்துக்கு ஆகாது. நிறம் ஒன்றாகும்வரை பிசைந்து, தண்ணீரை நிறுத்தி, உப்புத்தாள் தேய்த்த உலர்ந்த பரப்பில் அழுத்தினால் நேரான குழாயின் ஊசித்துளையை வருடக்கணக்கில் பிடித்துக்கொள்ளும். ஆனால் வெயிலில் நீண்டு சுருங்கும் எல்போவின் மேல் அப்பினால், குழாய் அசையும், கல்லாகிப்போன எம்-சீல் அசையாது. அடுத்த கோடையில் ஓரத்தில் மயிரிழை விடும். ஒரு எல்போவின் விலை ஒரு தேநீர் விலைதான். வெட்டி மாற்றிவிடுங்கள்.

இந்தச் சோதனைகளுக்கெல்லாம் ஒரு காலக்கெடு இருக்கிறது. புதுச்சேரியின் மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுவது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் பெய்துவிட்டுப் போனது. அப்படி நனைந்த சுவரில் குழாயின் ஈரம் எது, மழையின் ஈரம் எது என்று யாராலும் பிரிக்க முடியாது. தை வரை காத்திருக்க வேண்டும். ஆகவே புரட்டாசி முடிவதற்குள், சுவர்கள் காய்ந்திருக்கும்போதே, இரண்டு இரவு ஒதுக்கித் தொட்டியில் கோடு போட்டுப் பார்த்துவிடுங்கள். கேட் வால்வு துருப்பிடித்துத் திரும்பவில்லையென்றால் முதலில் அதை மாற்றுங்கள்.